டைம் கோட் வசதி என்று சொல்லி வெறும் சொக்கெட்டை விற்றார்கள்: 185,000 ரூபாய் போயிற்று

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நாடகம், நாட்டியம், திருவிழா மேடை என்று ஒளியமைப்பு வேலை செய்பவர்கள் அனைவரும் வாசிக்க வேண்டும் என்பதற்காக, கோபம் தணியும் முன்பே இதை எழுதுகிறேன். மேடை ஒளி, ஒலிச் சாமான்களை வாடகைக்கும் விலைக்கும் கொடுக்கும் ஒரு கடையில், இசையின் நேரக்கணக்கைப் பார்த்து விளக்குகளைத் தானே மாற்றும் டைம் கோட் வசதி உண்டென்று சொல்லி விற்ற லைட்டிங் கொன்ட்ரோலருக்கு (மேடை விளக்குகளை இயக்கும் பெட்டி) எங்கள் குழு 185,000 ரூபாய் கொடுத்தது. அந்த வசதி அதில் இல்லை. முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. வாங்குமுன் கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் நாட்டியநாடகத்தின் பெரும்பகுதி பதிவுசெய்த இசையில் ஓடுவது. நூற்றுக்கு மேற்பட்ட ஒளிமாற்றங்களை ஒருவர் கையால் அழுத்துவதற்குப் பதிலாக, ஒலிக்கோப்பின் ஒரு பக்கத்தில் இசையையும் மறுபக்கத்தில் எல்டிசி என்னும் டைம் கோட் சமிக்ஞையையும் வைத்தால், மணி, நிமிடம், வினாடி, சட்டகம் என்ற கணக்கைக் கொன்ட்ரோலர் வாசித்து உரிய இடத்தில் உரிய கியூவை, அதாவது முன்பே பதிந்துவைத்த ஒளிமாற்றத்தை, தானே விடும். நடுவில் வடமோடிக் கூத்துப் பகுதி ஒன்று உண்டு. அங்கே கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் நேரடியாக ஒலிக்கிறது. ஆட்டக்காரரின் காலைப் பார்த்து அவர் ஆட்டத்தை நீட்டவும் குறுக்கவும் செய்வார் என்பதால், டைம் கோட் அவருக்குச் சரிவராது. ஆகவே அந்தப் பகுதிக்கு, காலால் மிதித்தால் அடுத்த கியூ விழும்படியான வெளி ட்ரிகர் கேட்டோம். இரண்டும் உண்டு என்றார் கடைக்காரர்.

கடையில் அவர் காட்டியதைப் பார்த்தால் எவரும் நம்புவார்கள். மடிக்கணினியில் ஒரு பாட்டைப் போட்டதும், பல்லவிக்கு நீலம், சரணத்துக்குச் சிவப்பு என்று மூவிங் ஹெட் என்னும் திரும்பும் விளக்குகள் இம்மியும் பிசகாமல் மாறின. திரையில் எண்கள் ஓடின. கொன்ட்ரோலரின் பின்புறத்தில் ‘டைம் கோட் இன்’ என்று ஒட்டியிருந்த சொக்கெட்டில் வயரும் செருகியிருந்தது. “ஒண்டும் யோசியாதீங்க தம்பி, நீங்க பாட்டைப் போட்டாச் சரி, மிச்சத்தை இது பார்த்துக்கொள்ளும்” என்று சொல்லி எங்கள் ஆசிரியைக்குத் தேநீரும் வரவழைத்தார். 185,000 ரூபாயை அங்கேயே எண்ணிக் கொடுத்தோம். பாட்டையும் விளக்குகளையும் ஒரே மென்பொருள் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓட்டிக் காட்டியது என்பதும், அந்த வயரைப் பிடுங்கியிருந்தாலும் விளக்குகள் அப்படியேதான் மாறியிருக்கும் என்பதும் பின்னர்தான் வெளிவந்தது.

மண்டபத்து ஒத்திகையில் இசை வேறு கணினியிலிருந்து வந்தது. கொன்ட்ரோலர் திரையில் பூச்சியங்கள் அசையவே இல்லை. தொலைபேசியில் கேட்டபோது ஒலியளவு போதாது என்றார், கூட்டினோம். எம்பி3 கோப்பென்றால் சமிக்ஞை சிதையும் என்றார். எங்களுடையது வேவ் கோப்பு. வினாடிக்குச் சட்டகம் 25ஆ 30ஆ என்றார்; இரண்டு பக்கமும் 25தான். இவையெல்லாம் நியாயமான கேள்விகள் என்பதுதான் எனக்கு அதிக எரிச்சல், ஏனெனில் விஷயம் தெரிந்தவர் தெரிந்தே எங்களைச் சுற்றவிட்டிருக்கிறார். பிறகு மண்டபத்து எர்த் பிழை என்றார், அதற்கும் பிறகு அப்டேட் வரும் என்றார். நிகழ்ச்சியன்று எல்லாவற்றையும் கையாலேயே அழுத்தினோம். கூத்தில் வீரன் விழுந்து எழும்பிய பிறகுதான் மின்னல் வெட்டியது.

மின்னியல் தெரிந்த நண்பர் ஒருவர் பின்மூடியைக் கழற்றினார். விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டிஎம்எக்ஸ் வெளியீட்டுச் சொக்கெட்டில் மூன்று வயர்கள் ஒழுங்காகப் பற்றவைக்கப்பட்டிருந்தன. பக்கத்திலிருந்த ‘டைம் கோட் இன்’ சொக்கெட்டின் மூன்று முனைகளும் ஈயமே படாமல் பளபளத்தன. ட்ரிகர் சொக்கெட்டும் அப்படியே. படமெடுத்து அனுப்பினால், மூடியைத் திறந்ததால் உத்தரவாதம் போய்விட்டது என்று பதில் வருகிறது! நேரில் போனால், முதலாளி அம்பாறைக்குப் போய்விட்டார் என்கிறான் கடையில் நிற்கும் பெடியன். ஒருவழியாக அவரைப் பிடித்தபோது, “பில்லில டைம் கோட் எண்டு எங்க இருக்கு?” என்று கேட்டார். பற்றுச்சீட்டில் ‘டிஎம்எக்ஸ் கொன்ட்ரோலர் 1’ என்று மட்டுமே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த 185,000 ரூபாய், ஆடிய பிள்ளைகளின் பெற்றோர் சேர்த்துத் தந்த காசு.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்துள்ளோம். அவர்களின் தொலைபேசி எண் 1977.

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. கடைக்காரரின் கணினியை நம்பாமல் உங்கள் கோப்பை உங்கள் கருவியிலிருந்து ஓட்டி, நடுவில் வயரைப் பிடுங்குங்கள்; எண்கள் நிற்க வேண்டும், தரமானவை சில நொடிகள் தாமாக ஓடிவிட்டு நிற்கலாம். டிஎம்எக்ஸ் விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் வழி மாத்திரமே, அது இருந்தால் டைம் கோட்டும் இருக்கும் என்று எவராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். ‘எல்டிசி உள்ளீடு’ என்று பற்றுச்சீட்டில் எழுதாமல் காசு கொடுக்காதீர்கள். இதே மாதிரிப் பெட்டி வைத்திருப்பவர்கள் பின்மூடியைக் கழற்றிப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், முறைப்பாட்டோடு சேர்த்துவிடுகிறேன்.