லெட்வில்லா, வர்ஜீனியா சிட்டியா? எந்தச் சலூனுக்குப் போகலாம்

சலூன் என்றால் நமக்கு முடிவெட்டும் கடை, அமெரிக்கச் சுரங்க ஊர்களில் அது மதுக்கடை. அப்படி ஒரு பழைய கடையைப் பார்க்க ஒரே நாள்தான் இருக்கிறது, கொலராடோவின் லெட்வில்லா நெவாடாவின் வர்ஜீனியா சிட்டியா என்று குழம்புகிறவர்களுக்காக இது.

வயது: லெட்வில்லின் சில்வர் டாலர் சலூன் 1879, வெள்ளி தோண்டும் வெறி உச்சத்தில் இருந்தபோது திறந்தது. வர்ஜீனியா சிட்டியின் பக்கெட் ஆஃப் பிளட் சலூன் 1876. முந்தைய வருடம் ஊரையே தின்ற தீக்குப் பிறகு கட்டியது.

உயரம்: லெட்வில் சுமார் 3,100 மீட்டர், படியேறினாலே மூச்சு வாங்கும், குடித்தால் கேட்கவே வேண்டாம். வர்ஜீனியா சிட்டி சுமார் 1,900 மீட்டர்தான்.

கதைகள்: இதில் லெட்வில்லை அடிக்க முடியாது. சில்வர் டாலருக்கு எதிரே டேபர் ஓபரா ஹவுஸ் என்ற பழைய அரங்கம், 1882-இல் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட் அங்கே பேசினார், அப்புறம் ஊரின் ஒரு சலூனில் 'பியானோக்காரரைச் சுடாதீர்கள்' என்ற அறிவிப்பைப் பார்த்ததாக எழுதினார். 1884-இல் சூதாடியும் துப்பாக்கி வீரருமான டாக் ஹாலிடே அதே ஊரில் வேறொரு சலூனில் 5 டாலர் கடன் தகராறில் ஒருவரைச் சுட்டுக் காயப்படுத்தி, வழக்கில் விடுதலையும் ஆனார். வர்ஜீனியா சிட்டிக்கு எழுத்தாளர் மார்க் ட்வைன் போதும். அந்தப் புனைபெயரை அவர் 1863-இல் அங்கேதான் முதலில் போட்டார்.

பயணம்: ரீனோவிலிருந்து வர்ஜீனியா சிட்டி சுமார் 40 கிலோமீட்டர். டென்வரிலிருந்து லெட்வில் 160.

குழந்தைகளோடு என்றால் வர்ஜீனியா சிட்டி, பழைய ரயிலும் உண்டு. தனியாகக் கதை கேட்கப் போகிறவர் லெட்வில்லுக்குப் போங்கள், ஆனால் அந்த உயரத்தில் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.