இடப்பக்கம் திருப்பினால் இருட்டு: மூன்று ஆண்டு ஃபாக் லைட் அனுபவம்

தன் பைக்குக்கு ஃபாக் லைட் (மூடுபனி விளக்கு) மாட்டலாமா என்று மைத்துனன் கேட்டிருக்கிறான். என் வண்டியின் விளக்குக் கோளாறு போன வாரம்தான் ஒருவழியாகத் தீர்ந்தது. எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்துக்கு 20 வாட் வீதம் இரண்டு மஞ்சள் எல்இடி விளக்குகள், கிராஷ் கார்டில் தாழ்வாக மாட்டியவை. கொல்லிமலையில் விடியற்காலை மூடுபனியில் முன்விளக்கு வெள்ளைத் திரையைத்தான் காட்டும். இவை சாலையோரக் கோட்டைக் காட்டும். மூன்று மழைக்காலம் தாண்டியும் உள்ளே ஒரு சொட்டு நீர் இறங்கவில்லை. விளக்குகள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் மாட்டிக் கொடுத்த கடைமேல்தான். ரிலே, தனி ஃபியூஸ், கைப்பிடியில் சுவிட்ச் என்று பாசிட்டிவ் பக்கத்தை நகைக்கடைக்காரர் போல இழைத்திருந்தார்கள். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த்துக்கு மட்டும் கை சுருங்கிவிட்டது.

இரண்டாம் ஆண்டில் ஆரம்பித்தது. ஃபாக் லைட்டைப் போட்டால் முன்விளக்கு மங்கும். பிறகு கைப்பிடியை முழுதாக இடப்பக்கம் திருப்பினால் அணையவே தொடங்கியது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் இடப்பக்க வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு நொடி கண்ணைக் கட்டிவிட்டதுபோல் இருக்கும். மூன்று பல்பு மாற்றினேன். கடைசியாக ஒரு மெக்கானிக் 100/90 வாட் பல்பைப் போட்டுவிட, 60/55 வாட் பல்புக்கென்று வந்த சாக்கெட் பழுப்பேறி உருகியதுதான் மிச்சம். நன்றாக இருந்த பேட்டரியையும் மாற்றவைத்தார்கள்.

நாமக்கல்லில் லாரிகளுக்கு வயரிங் செய்யும் ஒரு பெரியவர் பல்பைத் தொடவே இல்லை. என்னை வண்டியில் உட்காரவைத்துக் கைப்பிடியைத் திருப்பச் சொன்னார். முன்விளக்கைப் பார்க்காமல் ஸ்பீடோமீட்டரைப் பார்த்தார்.

“தம்பி, டிம்மில்தானே இருக்கிறது? அந்த நீல லைட் ஏன் எரிகிறது?”

பிரைட் போட்டால் மட்டும் எரிய வேண்டிய விளக்கு அது. ஓராண்டாக இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் எரிந்திருக்கிறது. நான் கவனித்ததே இல்லை. என் வண்டியிலுள்ள எச்4 வகைப் பல்பில் டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி இழை, எர்த் ஒன்றுதான். அந்த எர்த் அறுந்தால் டிம் இழை வழியே வந்த மின்சாரம் பிரைட் இழைக்குள் பின்பக்கமாகப் புகுந்து, ஸ்பீடோமீட்டரிலுள்ள நீல விளக்கு வழியே எர்த் தேடிப் போகும். முன்விளக்கு இருண்டு அந்தக் குட்டி விளக்கு மினுங்குவது அதனால்தான்.

எஞ்சின் ஓட, விளக்கு எரிய, பேட்டரியில் 13.8 வோல்ட். வோல்ட் அளக்கும் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையைப் பல்பின் எர்த் பின்னிலும் வைத்தார்: 3.1. கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது. மற்ற மெக்கானிக்குகள் டெஸ்ட் லாம்ப் என்ற சின்னச் சோதனை விளக்கை வைத்து ‘எர்த் வருகிறது’ என்று சொல்லிவிட்டார்கள். டெஸ்ட் லாம்புக்கு இரண்டு கம்பி இழை போதும். முன்விளக்கும் ஃபாக் லைட்டும் சேர்ந்து இழுக்கும் ஏழு ஆம்பியருக்குப் போதாதே!

ஹேண்டில் கழுத்தருகே கறுப்பு டேப்பைப் பிரித்தார். முன்விளக்கின் எர்த் வயரைச் சுரண்டி, ஃபாக் லைட் வயரை அதில் வெறுமனே முறுக்கிச் சுற்றியிருந்தார்கள். பாசி பிடித்ததுபோல் பச்சைத் தூள். வயரில் நான்கு கம்பி இழைகள்தான் மிச்சம். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் வயர் மடங்குவது சரியாக அந்த இடத்தில்தான். 2017-க்குப் பிறகு வரும் இரு சக்கர வண்டிகளில் முன்விளக்கை அணைக்கவும் வழியில்லை. ஆக, பகலிலும் அந்த நான்கு இழைகள் வெந்துகொண்டே இருந்திருக்கின்றன.

முன்விளக்குக்கு ஒன்று, ஃபாக் லைட்டுக்கு ஒன்று என இரண்டு தடித்த வயர்களைக் கழுத்தில் கொஞ்சம் தொய்வு விட்டு நேரே பேட்டரி நெகட்டிவுக்கு இழுத்தார். உருகிய சாக்கெட்டை மாற்றி, பழைய 60/55 பல்பையே போட்டார். கூலியோடு 650 ரூபாய். பல்புகளுக்கும் பேட்டரிக்கும் நான் அழுத தொகையை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள்.

மைத்துனனிடம் மாட்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் ஊரில் எர்த் வயரை மதிக்கும் ஒரு கடைகூட என் கண்ணில் பட்டதில்லை.

“அப்படியென்றால் உங்கள் வண்டியில் இருப்பதைக் கழற்றி எனக்குக் கொடுத்துவிடுங்களேன், மாமா” என்கிறான்.

தர மாட்டேன்.