ஈக்கோபாத்தும் அந்த 2 என்ற எண்ணும்

கடலில் எது எதைத் தின்கிறது என்பதைக் கணினியில் கணக்காக்கும் சூழல் மாதிரி கட்டக் கற்றுக்கொள்ள, ஈக்கோபாத் என்ற மென்பொருள் சரிப்படுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இலவசம், விண்டோஸில் ஓடும், நிரல் எழுதத் தெரிய வேண்டாம் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். நீண்ட நாள் பழகியவர் என்ன நினைக்கிறார் என்பதுதான் அவருடைய கேள்வி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹவாய்ப் பக்கத்துப் பவளத்திட்டு ஒன்றுக்காக 1984-இல் கடல் ஆய்வாளர் ஜெஃப்ரி பொலொவினா வெளியிட்ட கணக்குதான் இதன் வேர். மீன்வள ஆய்வாளர்கள் டேனியல் பாலியும் வில்லி கிறிஸ்டென்சனும் அதை வளர்த்தெடுத்தார்கள். ஒரு வருடத்தில் நெத்திலிக் கூட்டம் எவ்வளவு உடல்நிறையை உண்டாக்குகிறதோ, அத்தனைக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்: வலையில் போனது, சூரையின் வயிற்றில் போனது, வேறிடம் போனது, கூட்டத்திலேயே சேர்ந்தது, தானாகச் செத்தது. உயிர்த்திரள் (அதாவது கூட்டத்தின் மொத்த எடை), உற்பத்தி விகிதம், உண்ணும் விகிதம், உற்பத்தியில் எந்தப் பங்குக்குக் கணக்கு கிடைக்கிறது என்ற எண், இந்த நான்கில் மூன்றைக் கொடுத்தால் நான்காவதை அதுவே போட்டுவிடும். கடைசி எண் 1-ஐத் தாண்டினால், உண்டானதை விட அதிகமாகத் தின்னப்படுகிறது என்று அர்த்தம்.

நெத்திலிக்கு அந்த எண் 3 என்று வரும்போதுதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது. சூரையின் உணவில் நெத்திலி 40 சதவீதம் என்று நாம் உள்ளே கொடுத்த தகவல் எங்கிருந்து வந்தது? ஒரே பருவத்தில் பிடித்த மீன்களின் வயிற்றிலிருந்தா? குட்டிச் சூரையும் பெரிய சூரையும் ஒன்றையே தின்கின்றனவா? இப்படி ஒவ்வொரு எண்ணின் பூர்வீகத்தையும் தேடிப் போக வைக்கிற கருவி இது. இந்தச் சுகம் எனக்கு இன்றுவரை குறையவில்லை.

என் கோபமெல்லாம் அடுத்த படியில்தான். மீன்வள ஆய்வாளர் கார்ல் வால்டர்ஸ் முன்னின்று 1997-இல் கொண்டுவந்த ஈக்கோசிம் என்ற பகுதி, இதே மாதிரியைக் காலத்தில் ஓடவிடுகிறது. மீன்பிடிப்பைப் பாதியாக்கினால் முப்பது வருடத்தில் என்ன ஆகும் என்று கேட்கலாம். பொத்தானை அழுத்தினால் அழகான கோடுகள் வந்துவிடும். அவற்றை நடத்துவது, ஒவ்வொரு இரை, இரைகொல்லி ஜோடிக்கும் உள்ள பாதிப்பு அளவு என்ற எண். நாம் தொடாவிட்டால் எல்லாக் கட்டத்திலும் 2 தான். அதன் பொருள், இரைகொல்லி எத்தனை பெருகினாலும் இரைக்கு அதனால் நேரும் சாவு விகிதம் இன்றைய அளவைப் போல் இரண்டு மடங்கை மீறாது என்பது. பல காலமாகப் பிடித்துப் பிடித்துப் பத்தில் ஒரு பங்காகிவிட்ட சுறாவை இந்த 2-ஐ வைத்து மீட்டுப் பாருங்கள். அதற்குக் கிடைக்கக்கூடிய தீனிக்கே உச்சவரம்பு போட்டாகிவிட்டது. கோடு கொஞ்சம் ஏறும், பெரும்பாலும் பழைய அளவுக்கு வெகு கீழேயே படுத்துவிடும். அதைப் பார்த்துவிட்டு, மீன்பிடிப்பை நிறுத்தினாலும் பெரிய பயனில்லை என்று ஒருவர் எழுதுவார். சமீபத்தில் அப்படி ஒரு வரைவைப் படித்தபோது வயிறெரிந்தது. அந்த முடிவு கடலிலிருந்து வரவில்லை, நிரப்பாமல் விட்ட கட்டத்திலிருந்து வந்தது.

நியாயமாகச் சொன்னால், இதைக் கையேடு மறைக்கவில்லை. பிடிப்பு, மீன்வள அளவு ஆகியவற்றின் காலத்தொடர் (வருடா வருடம் எடுத்த அளவீடுகள்) இருந்தால் அதற்குப் பொருந்தும் எண்ணைத் தேடித் தரும் வசதியும் உண்டு. தொடர் குட்டையாக இருந்தால் தேடல் ஒன்று 1-ஐ ஒட்டி நிற்கும், இல்லையென்றால் எங்கோ ஆயிரங்களில் ஓடும். ஆர் என்ற நிரல் மொழியில் இதே கணக்கைச் செய்யும் ஆர்பாத் வந்தபோது இந்தத் தொல்லை தீரும் என்று நம்பினேன். அங்கேயும் தொடக்கம் அதே 2.

சரி, கற்கலாமா? இத்தனை புகழ்ந்த பிறகும், இன்றைய மனநிலையில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முதலில் ஐந்தே கூட்டங்களை எடுத்துக்கொண்டு, விரிதாளில் அந்த உற்பத்திக் கணக்கின் சமன்பாட்டைக் கையால் தீர்த்துப் பாருங்கள். அப்புறமும் ஆசை விடவில்லை என்றால் ஈக்கோசிம்மைத் திறந்து, பாதிப்பு அளவை 1.2, 2, 20 என்று மாற்றி ஒரே கேள்வியை மூன்று முறை ஓட்டுங்கள். மூன்று கோடும் மூன்று பக்கம் போனால் அந்தப் படத்தை எந்த அதிகாரிக்கும் அனுப்பாதீர்கள்.