100 கிலோ கழிவில் 30 கிலோ எண்ணெய்: நான் ஏமாந்த கணக்கு

உணவுக் கழிவைப் புழுவுக்குப் போட்டு, அந்தப் புழுவைப் பிழிந்து எண்ணெய் எடுக்கலாம் என்று சொல்லி முழு 'செட்' விற்பவர்கள் யாராவது உங்களிடம் பேசிக்கொண்டிருந்தால், முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம்தான் படிக்க உட்கார்ந்தேன்.

தொழில்நுட்பம் பொய்யில்லை. கருப்பு சோல்ஜர் ஈ (black soldier fly) என்ற ஒரு வகை ஈயின் புழு அழுகும் உணவை அசுர வேகத்தில் தின்று தீர்க்கும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத குஞ்சுப்புழு இரண்டு மூன்று வாரத்தில் 2 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கொழுத்துவிடும். இறக்கை முளைத்த ஈ அநேகமாக எதையும் தின்பதில்லை என்பதால், மிச்ச வாழ்நாளுக்கு வேண்டியதைப் புழுவாக இருக்கும்போதே கொழுப்பாகச் சேர்த்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பில்தான் நாம் கை வைக்கிறோம். தேங்காய் எண்ணெயில் இருக்கும் அதே லாரிக் அமிலம் மிகுந்த கொழுப்பு, அதைப் போலவே குளிர்ந்தால் உறையும். சோப்பு, தீவனம், பயோடீசல் என்று பயன்கள் உண்டு.

என்னிடம் விற்றவர் சொன்னது இது: "புழுவில் 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு. 100 கிலோ கழிவு போட்டால் 30 கிலோ எண்ணெய். எவ்வளவு எடுத்தாலும் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்." கூடவே ஒரு செய்முறை விளக்கம். அவர் மெஷினில் போட்ட புழு நன்றாகக் காய்ந்து மொறுமொறுப்பாக இருந்தது, சூடாகவும் இருந்தது. எண்ணெய் பொன்னிறத்தில் வழிந்தது. எனக்கு வாயடைத்துப் போனது. அது ஏற்கெனவே காய்ந்து சூடேற்றிய புழு, எத்தனை கிலோ கழிவிலிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். அந்த 30 சதவீதம் உண்மையான எண்தான். ஆனால் அது காய்ந்த புழுவின் எடையில். தீனியைப் பொறுத்து அதுவும் ஏறி இறங்கும். ஈரக் கழிவு 100 கிலோ போட்டால், நன்றாகப் பராமரித்தாலே ஈரப் புழு சுமார் 20 கிலோ. அதில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். காயவைத்தால் 6, 7 கிலோ மிஞ்சும். அதில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு என்றால் 2 கிலோ சொச்சம். பிழியும்போது கொஞ்சம் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். ஆக 30 இல்லை, 2 கூட உறுதியில்லை.

இதைப் படிக்காமலே கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் எனக்கு எரிச்சல். உணவுக் கழிவில் முக்கால் பங்கு வெறும் தண்ணீர். 100 கிலோவில் தண்ணீர் போக மிஞ்சுவதே 25 கிலோ அளவுதான். அதிலிருந்து 30 கிலோ எண்ணெய் எப்படி வரும்?

வந்த 'செட்'டில் தட்டுகள், ஒரு பெட்டி குஞ்சுப்புழு, கையால் சுற்றும் செக்கு. உலர்த்த எதுவும் இல்லை. ஈரப் புழுவைச் செக்கில் போட்டேன். எண்ணெய் வரவில்லை, சாம்பல் நிறக் கூழ் வந்தது. நாற்றத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தொழிலில் எரிபொருள் செலவாகும் இடமே உலர்த்துவதும் சூடாக்குவதும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் விலைப்பட்டியலில் அந்த வரியே கிடையாது.

அடுத்தது புழு. முதல் பெட்டி நல்ல புழு. இரண்டாவதாக அனுப்பிய பெட்டியில் வழவழப்பான வெள்ளைப் புழுக்கள், ஒரு வாரத்தில் வீடெல்லாம் சாதாரண ஈ. சோல்ஜர் ஈயின் புழு தட்டையாக, தோல் தடித்து, வளைய வளையமாக இருக்கும், முதிர்ந்தால் கருத்துவிடும். நாமே முட்டை எடுக்கலாமே என்றால், இந்த ஈ இணைசேர வெயிலோ அதற்கு ஈடான பிரத்யேக விளக்கோ வேண்டும். அதுவும் 'செட்'டில் இல்லை. ஒவ்வொரு முறையும் அவரிடமே போய் நிற்க வேண்டும்.

ஆனால் என்னை அடித்தது திரும்ப வாங்கும் ஒப்பந்தம்தான். எப்படியோ வெயிலில் காயவைத்துச் சூடேற்றி, மூன்று மாதத்தில் ஒரு சிறு கேன் சேர்த்தேன். அமில அளவு அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஒப்பந்தத்தின் நான்காவது பக்கத்தில் அந்த வரம்பு பொடி எழுத்தில் இருந்தது. அவர் கொடுத்த வழிகாட்டித் தாளிலோ, "புழுவை உயிரோடு வெயிலில் பரப்பிக் காயவிடவும்" என்று இருந்தது. புழு மெதுவாகச் சாகும்போது அதன் உடலில் உள்ள நொதிகள் கொழுப்பை உடைத்துக் கட்டற்ற கொழுப்பு அமிலமாக்கிவிடும். கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்தால் அந்த நொதிகள் செயலிழக்கும். அதாவது அவர் சொன்னபடி செய்கிற எவருடைய எண்ணெயும் அவர் வைத்த சோதனையில் தேறுவது கஷ்டம். அமிலம் ஏறிய எண்ணெயை அப்படியே காரம் சேர்த்து பயோடீசலாக்கப் பார்த்தால் பாதி சோப்பாகிவிடும், வெளியில் வாங்குபவர்களும் தயங்குகிறார்கள்.

இன்னொன்றும் விசாரியுங்கள்: உங்கள் நாட்டுச் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பூச்சிப் புரதத்தை 2017 முதல் மீன் தீவனத்திலும் 2021 முதல் கோழி, பன்றித் தீவனத்திலும் அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பூச்சிகளுக்கு உணவகக் கழிவைக் கொடுக்கக்கூடாது. எச்சில் உணவில் வளர்த்த புழுவைத் தீவனமாக விற்கலாம் என்று யாராவது அடித்துச் சொன்னால், அனுமதியை எழுத்தில் கேளுங்கள்.

பணம் திரும்பவில்லை. அழைத்தால் எடுப்பதில்லை. கேனில் இருந்ததைச் சோப்பாக்கிவிட்டேன், அது நன்றாகவே நுரைக்கிறது. முதல் வாரத்தில் உற்சாகத்தில் நான் அனுப்பிய வீடியோ மட்டும் இன்னும் அவர் விளம்பரத்தில் ஓடுகிறது. புழுத்தட்டைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் அந்த ஆளைப் பார்த்தால், அது நான்தான்.