கேலப்பில் வாங்கிய ‘1934ஆம் ஆண்டு’ நவாஹோ காப்பு

சென்ற அக்டோபரில், நியூ மெக்சிகோவின் கேலப் நகரத்துக் கடையொன்றில், டர்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல் பதித்த வெள்ளிக் காப்பை 640 டாலருக்கு வாங்கி ஏமாந்தேன். 1878இல் தொடங்கப்பட்ட ஹப்பெல் வணிக நிலையத்தை அரிசோனாவின் கனாடோவில் பார்த்துவிட்டு மறுநாளே அங்கு போனதால், ‘பழைய வணிக நிலையத்து அடகு நகை’ என்று கடைக்காரர் சொன்னதும் மனம் இளகிவிட்டது.

அமெரிக்கப் பழங்குடியினரான நவாஹோ மக்கள் இத்தகைய வணிக நிலையங்களில் மாவுக்கும் காப்பிக்கும் நகையை அடகு வைத்து, ஆட்டு ரோமம் விற்கும் பருவத்தில் மீட்பது வழக்கமாக இருந்தது. மீட்கப்படாமல் மூழ்கிப்போன அத்தகைய நகைகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். என் காப்பிலும் பழுப்பேறிய அடகுச் சீட்டொன்று நூலில் தொங்கியது. அதில் 1934 என்று எழுதியிருந்தது. நான் விலை கொடுத்தது உண்மையில் அந்தச் சீட்டுக்குத்தான்.

ஊர் திரும்பியதும் நகை மதிப்பீட்டாளர் ஒருவரிடம் காட்டினேன். அவர் காப்பைத் தொடுவதற்கு முன்பே சீட்டை உருப்பெருக்கியில் வைத்து, எழுத்து வளையுமிடங்களில் மை திட்டுத்திட்டாகத் தேங்கியிருப்பதைக் காட்டினார். அது பால்பாயின்ட் பேனாவின் எழுத்து. அமெரிக்கக் கடைகளில் அந்தப் பேனா விற்பனைக்கு வந்ததே 1945இல்தான். காப்பின் கோலங்களை அச்சுளியால் (வடிவம் பதிக்கும் உளி) கையால் அடித்திருந்தால் ஒவ்வொரு பதிவும் ஆழத்தில் சற்றே மாறுபடும். இதிலோ எல்லாம் ஒரே அளவில், வார்ப்பில் எடுத்தவை. கல்லும் தூளைப் பிசினில் குழைத்து அழுத்திய கட்டிதான். பல ஆண்டுகள் அணியப்பட்ட டர்காய்ஸ் உடலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிப் பச்சையோடிவிடுவதுண்டு. என்னுடையது ஓரம்வரை பளிச்சென்ற நீலம். வெள்ளி மட்டும் உண்மையானது, 42 கிராம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற வரியைக் காட்டிக் கைவிரித்துவிட்டார்கள். அதைவிட மோசம், ரசீதில் ‘டர்காய்ஸ் காப்பு’ என்று மட்டுமே இருந்தது. நவாஹோ என்ற சொல்லும் இல்லை, ஆண்டும் இல்லை. பழங்குடியினர் செய்ததாகப் பொய் சொல்லி விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிலிப்பைன்ஸில் செய்த நகைகளை அப்படி விற்ற வணிகர் ஒருவருக்கு 2018இல் ஆறு மாதச் சிறைத்தண்டனையும் கிடைத்தது. ஆனால் கடைக்காரர் எனக்குச் சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு. செய்தவர் பெயர், இனம், காலம், கல்லின் தன்மை ஆகியவற்றை ரசீதில் எழுதித் தர மறுக்கும் கடையில் பணப்பையைத் திறக்காதீர்கள்.

அமெரிக்கப் பழங்குடியினரின் கைவினைகளுக்கான அரசு அமைப்பான இந்தியர் கலை, கைவினை வாரியத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். முதல் இணைப்பாக அந்தச் சீட்டின் படத்தைத்தான் வைத்தேன்.