வீடற்றோர் காப்பகம்: படுத்து எழுந்தவனின் மதிப்புரை

நான் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறுகிறவன். வாடகை கட்ட முடியாமல் அறையை விட்டபின் பாரிமுனைப் பக்கம் கடை வாசல்களில் படுத்திருந்தேன். பிறகு சென்னையிலேயே ஆண்களுக்கான காப்பகம் ஒன்றில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு இரும்புப் பெட்டி உண்டு, பூட்டிக்கொள்ளலாம். தெருவில் படுப்பவனின் தூக்கத்தைக் கொசுவைவிட அதிகம் கெடுப்பது பைதான். ஆதார் அட்டை, மாற்றுத் துணி, பரிமாறப் போடும் வெள்ளைச் சட்டை எல்லாம் அதற்குள். வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, செருப்பைத் தலைக்கடியில் வைத்துப் படுத்தாலும் விடிந்தால் ஏதாவது ஒன்று காணாமல் போயிருக்கும். இங்கே சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு கையை வீசிக்கொண்டு வேலைக்குப் போகலாம். சட்டை கசங்காமல் இருந்தால்தான் கான்ட்ராக்டர் அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிடுவார்.

பாய், போர்வை தருகிறார்கள். கழிவறைக்கு விடியுமுன் போய்விடுங்கள். ரசம் தண்ணீர்தான், ஆனால் சூடாக இருக்கும். பந்தி பரிமாறுகிறவனுக்கு நாக்கு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய குறை, இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். வரவேற்பில் கடைசிப் பந்தி எழுந்து, இலை எடுத்து, மேசை துடைத்து நான் கிளம்ப நள்ளிரவாகும். கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவருக்கு வேலை தொடங்குவதே அந்நேரத்தில்தான். பகலில் வந்து கண்ணயர்ந்தால் கூடம் பெருக்க வேண்டும் என்று எழுப்புகிறார்கள். வீடில்லாதவனுக்கு வேலையும் இருக்காது என்று எண்ணி யாரோ எழுதிய விதி. பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுவதும் நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டு நெறி. அந்த நெறியைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், பத்து மணி அறிவிப்புக்குப் பக்கத்திலேயே! காவலாளியைக் குறை சொல்ல மாட்டேன். "தம்பி, சாவி என்னிடம் இல்லை" என்று கம்பிக்குள்ளிருந்து சொல்லும்போது அவருக்கே சங்கடம்.

குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு இது உதவாது. பாரிமுனையில் தலைமுறைகளாக நடைபாதையிலேயே வாழும் குடும்பங்கள் உண்டு. கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறார்கள் என்று அவர்களைப் பிடிவாதக்காரர்களாகப் பேசுவார்கள். புருஷன் ஓரிடம், பெண்டாட்டி ஓரிடம், அடுப்பு ஓரிடம் என்றால் யார் வருவார்கள்?

பகல் வேலைக்காரர்கள், உடம்பு முடியாதவர்கள், ஊரிலிருந்து வந்து திக்கற்று நிற்பவர்கள் தாராளமாகப் போகலாம், காசு கேட்க மாட்டார்கள். பக்கத்தில் எது இருக்கிறது என்று மாநகராட்சியின் 1913 எண்ணில் கேளுங்கள். இரவு வேலைக்காரர்கள் சேருமுன் கதவு நேரத்தை விசாரித்துவிடுங்கள். பூட்டை மட்டும் நீங்களே வாங்கிப் போங்கள். அங்கே கொடுக்கும் பூட்டுகளில் என் சாவிக்குப் பக்கத்துப் பெட்டியும் திறந்தது.