நூலகப் புத்தகத் 'தொகுதி' வாங்கும் பாடசாலைகள் கவனம்

வன்னிப் பாடசாலைகளுக்கு வாகனத்தில் வந்து 'மாணவர் நூலகத் தொகுதி' விற்கிறார்கள். 200 புத்தகம், 40 வீதம் கழிவு, இறக்கியும் தருவோம் என்பது பேச்சு. நூலகத்துக்கென எங்கள் பாடசாலைக்கு இருந்த 100,000 ரூபாய் 60,000 ஆகக் குறைந்திருக்கிற நேரத்தில் கேட்க நல்லாய்த்தான் இருக்கும். எங்களுக்கு வந்த பெட்டிகளுக்குள் இருந்ததைச் சொல்கிறோம்.

புத்தகம் 200 சரி. தலைப்பு 64 தான். ஒரே நீதிக்கதை 9 பிரதி. மூன்றிலொரு பங்கு, நடுவில் இரண்டு கம்பி அடித்த 16 பக்கப் புத்தகங்கள்; மாரி ஈரத்தில் கம்பி கறள் பிடித்தால் தாள் தானாய்க் கழலும். மிச்சத்தில் பழைய பாடத்திட்டத்துச் சாதாரண தர வழிகாட்டிகள். பிள்ளைகளுக்கு இலவசமாய்க் கிடைக்கிற அரசாங்கப் பாடநூல்கூட இரண்டு கிடந்தது!

கழிவு எப்படி வந்தது? ஒரு புத்தகத்தின் பின் அட்டை ஸ்டிக்கரில் 600 ரூபாய். மூலையை நகத்தால் கிளப்பினால் அடியில் இந்திய விலை 60. இந்திய ரூபாய் ஒன்றை நம்முடைய 4 ரூபாய் என்று வைத்தாலும் 240. அவர்கள் 'கழித்து'த் தந்தது 360. ஏற்றுகூலி, கடைக்காரரின் இலாபம் எல்லாம் சேரத்தான் வேண்டும். அதற்குக் கழிவு என்று பெயர் வைக்கக்கூடாது.

பற்றுச்சீட்டில் 'நூலகப் புத்தகங்கள் 200' என்று ஒரே வரி. எந்தப் புத்தகம் தருவதாகச் சொன்னார்கள் என்பதற்கு எழுத்தில் ஒன்றுமில்லாததால் ஒன்றையும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கணக்காய்வுக்கு வருபவர்களும் ஒவ்வொரு நூலின் விலையையும் கேட்பார்கள்.

ஆகவே பட்டியலை நீங்களே போடுங்கள்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பதிப்பாண்டு, ஐ.எஸ்.பி.என் (நூலுக்குரிய சர்வதேச இலக்கம்), பிரதி, ஒரு பிரதியின் விலை. அதே பட்டியலுக்கு மூன்று கடையில் விலைக்கோரல் எடுங்கள். கடைக்கொரு பட்டியல் வந்தால் ஒப்பிட வழியில்லை. விலைக்கோரலில் 'இல்லாதவற்றுக்கு மாற்று நூல்' என்ற வரி இருந்தால் வெட்டிவிடுங்கள். தொகுதி அந்த வழியால்தான் திரும்ப நுழையும்.

இப்போதைய ஐ.எஸ்.பி.என் 13 இலக்கம். 978க்குப் பிறகு 955 அல்லது 624 வந்தால் இலங்கை, 81 அல்லது 93 வந்தால் இந்தியா. இலக்கங்களை இடமிருந்து 1, 3 என மாறிமாறிப் பெருக்கிக் கூட்டினால் 10ஆல் மீதியின்றிப் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் அந்த இலக்கம் பிழை. புத்தகத்தைத் தள்ளி வைத்து விசாரியுங்கள்.

புத்தகம் கட்டிய விதத்தையும் பாருங்கள். நடுப்பக்கத்தை மேசையில் அழுத்தி விரிக்கும்போது முதுகில் 'படக்' என்று சத்தம் கேட்டால் வெறும் பசையாய் இருக்கலாம். சித்திரை வெயிலுக்கு அது நிற்காது. சிறுவர் நூலுக்குத் தையற்கட்டு கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

எதை வாங்குவதென்று இரவல் பதிவேடே சொல்லும். தரம் 3, 4 பிள்ளைகள் கிழியக் கிழிய வாசித்ததை மறுபடி வாங்குவது வீண்செலவல்ல. வழிகாட்டிக்கு நூலகக் காசு வேண்டாம். பாடத்திட்டம் மாறினால் அது கச்சான் சுற்றத்தான் உதவும். பழைய ஈழத்து நூல்கள் பலவற்றை 'நூலகம்' இணையத்தளத்தில் இலவசமாய்ப் புரட்டிப் பார்த்த பிறகு தெரிவு செய்யலாம்.

காசோலை கொடுப்பது, புத்தகங்களைப் பட்டியலோடு சரிபார்த்து முடித்த பிறகுதான். "வாகனம் நிற்குது சேர், கெதியாய்க் கையெழுத்தைப் போடுங்கோ" என்று அவசரப்படுத்தினால் பெட்டிகளை அந்த வாகனத்திலேயே ஏற்றி அனுப்புங்கள்.